பவுனம்மா வீட்டைத் தாண்டிப்போன வெற்றிலைத் தட்டு

போன மாதம் ஈப்போவில், நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் தாதியர் குழு ஒன்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தது. வயதானவர்களுக்குப் புற்றுநோய் வந்தால் அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் பேச்சு. எல்லாம் சின்னப் பெண்கள். தாங்கள் நிரப்பும் படிவத்தைக் காட்டினார்கள். வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் ‘மன ஆதரவு, சமூக ஆதரவு: உண்டு / இல்லை’ என்று போட்டிருந்தது. ஒரு பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஆன்டி, இந்தக் கட்டத்த மட்டும் எப்படி நிரப்புறதுன்னு எங்களுக்குத் தெரியல லா. என்னான்னு கேக்குறது?” என்றாள்.

ஏதோ பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. அதைச் சொன்னால் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் முன்னால் அதற்கு வாய் வரவில்லை. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லையே, அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார், வீடு ஈப்போவில். பள்ளி முடித்து, மூன்று வருடம் தாதிப் பயிற்சி எடுத்தேன். அந்த மூன்று வருடத்தில் கட்டில் விரிப்பை மடிக்கவும், மேட்ரன் வரும் காலடிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் பிறகு வந்ததுதான். எழுபதுகளின் பின்பாதியில் பீடோர் பக்கம் சில ரப்பர் தோட்டங்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காலையில் ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் சைக்கிளில் தோட்டங்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம், லயத்து ஜனங்கள் எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’.

எனக்கு மேலே இருந்தவர் டிரஸர் கந்தையா. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார், மற்ற நாளெல்லாம் இவர்தான் எங்களுக்கு டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளைக் காலுறை, சட்டைப் பையில் ஒரு கடிகாரம். பேசிக்கொண்டே அதை எடுத்துப் பார்ப்பார். நாம் ஏதோ தாமதமாகிவிட்டோம் என்று பதறுவோம். அவர் நேரம்கூடப் பார்த்திருக்க மாட்டார், பழக்கம்.

அவர் காயம் கழுவுகிற முறை ஒன்று உண்டு. முதலில் ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுபோய் நோயாளியின் பக்கத்தில் போட வேண்டும். நம் கண் அவர்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி அதில் உட்கார வேண்டும். கழுவிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். இப்போது பழைய துணியை நனைக்கப் போகிறேன், இப்போது எடுக்கப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் முன்னாலேயே சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துத்தான் கொடுப்பார். எந்தக் காயமானாலும், எவ்வளவு நாற்றமானாலும், முகத்தைத் திருப்பக் கூடாது. என் முதல் வாரத்தில் நான் என்னை அறியாமல் கையை மூக்குக்குக் கொண்டுபோய்விட்டேன். “மூக்கைப் பொத்துறதெண்டால் வெளியிலை போய் நில்லும், பிள்ளை” என்றார். சத்தம் போடவில்லை. நான் வெளியே போய் நின்று, அழுதுவிட்டு உள்ளே வந்தேன்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பவுனம்மா என்று ஒரு அம்மா. அறுபதுக்கு மேல் வயது. நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர். பிள்ளைகள் இல்லை. புருஷன் சின்னையா, வாயில்லாப் பூச்சி. அந்த அம்மாவுக்கு இரண்டு பேர் வாய் இருந்ததால் வீடு சரியாக ஓடியது. இருபது கதவுள்ள அந்த லயத்தில் எந்தக் கல்யாணமானாலும் பெண்ணுக்கு நலங்கு வைக்கும் முதல் கை பவுனம்மாவுடையதுதான். கைராசி என்பார்கள். அந்த அம்மாவை வெற்றிலைப் பெட்டி இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு கிள்ளு புகையிலை. இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரை அங்கேயே இருக்கும்.

அந்த இடது கன்னத்துக்குள்தான் புண் வந்தது. ஆறாத புண். டாக்டர் சதைத் துண்டு எடுத்து அனுப்பினார். புற்று என்று பதில் வந்தது. கோலாலம்பூருக்குப் போய் ஆறு வாரம் கரண்ட் வைக்க வேண்டும். கரண்ட் என்றுதான் சொல்வோம், கதிர்வீச்சு என்ற வார்த்தை அப்போது யார் வாயிலும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் வைப்பார்கள், சனி ஞாயிறு இல்லை. இடையில் நாள் தவறவே கூடாது, தவறினால் வைத்ததும் வீண் என்று அங்கிருந்து வந்த கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. கூடவே, வெற்றிலையும் புகையிலையும் அடியோடு நிறுத்த வேண்டும்.

அந்த ‘அடியோடு’ என் தலைக்குள் ஏறிவிட்டது. எனக்கு வயது இருபத்தேழு. ஒரு வேலை கொடுத்தால் இரண்டாகச் செய்து காட்டுகிற திமிர். பவுனம்மாவை கோலாலம்பூர் வார்டில் சேர்த்த மறுநாள் மதியம், லயத்தில் வீடு வீடாகப் போனேன். “பவுனம்மா வீட்டு வாசல்ல இனிமே வெத்தல தெரியக் கூடாது. யாரும் கொண்டு போகக் கூடாது. அவங்க வீட்டுல வாங்கிப் போடவும் கூடாது. கண்ணுல பட்டா அவங்களுக்கு நாக்கு ஊறும். அப்புறம் யாரும் காப்பாத்த முடியாது” என்று சொன்னேன். இருபது கதவிலும் ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் டிரஸரிடம் சொன்னபோது அவரும், “நல்ல காரியம்” என்று தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை, டாக்டர் அனுமதி கொடுத்து பவுனம்மாவை இரண்டு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கோலாலம்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. அந்த அம்மா வரவில்லை.

டிரஸர் தொலைபேசியை வைத்துவிட்டு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே நேரம் பார்த்தார்.

“அவ ஏன் போகேல்லை?”

“தெரியல ஐயா.”

“தெரியேல்லை எண்டால் போய்க் கேளும். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி கோலாலம்பூருக்கு வெளிக்கிடுது. அவ அதுக்குள்ளை இருக்கோணும். ஒரு நாள் போயிட்டுது, இண்டைக்கு ரெண்டாவது நாள். நாளைக்கும் போகேல்லை எண்டால் டொக்டருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” கடிகாரத்தைப் பைக்குள் போட்டு, உடனே மறுபடி எடுத்தார். அவருக்கும் பயம்தான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதியம் வரை காத்திருக்க முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண் சடக்குப் பாதையில் மிதித்தேன். வழியெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு நாள் போனால் சரிக்கட்டிவிடலாம். மூன்று நாள் போனால்? நான்கு நாள்? வெற்றிலை போட்டுவிட்டு, அதை மறைக்கத்தான் வர மாட்டேன் என்கிறாரோ? வாய் முழுக்க ரணமாக இருக்குமே, அதில் சுண்ணாம்பு பட்டால்?

சின்னையா வாசலில் குத்தவைத்து, தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவைக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். உள்ளே பவுனம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கழுத்திலும் கன்னத்திலும் கரண்ட் வைக்க ஊதா மையில் போட்ட கோடுகள். அதை அழிக்காமல் வைத்திருந்தது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“பெரியம்மா, ஏன் போகல? ரொம்ப வலிக்குதா?”

“வலி இருக்கு.” நாக்கு தடித்திருந்ததால் பேச்சு குழறியது.

“வலிக்கு மருந்து தாரேன். நாளைக்கு வண்டியில போலாம், என்னா?”

“நான் வரல. போய்ட்டவளுக்கு எதுக்கு கரண்ட்டு?”

எனக்கு அர்த்தம் புரியவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். டாக்டர் கோபப்படுவார் என்றேன். கரண்ட்டை நடுவில் விட்டால் கன்னத்தில் ஓட்டை விழும் என்று பயமுறுத்தவும் செய்தேன், அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த அம்மா அசையவில்லை. என் கண் பரணுக்குப் போனது. வெற்றிலைப் பெட்டி அங்கே துடைத்து, காலியாக, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் ஒரு கறை இல்லை. என் சந்தேகத்தை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வாசல் பக்கம் பார்த்தேன். எதிர்வரிசையில் நாலாவது கதவுக்கு முன்னால் பந்தலுக்கு மூங்கில் இறங்கியிருந்தது. அது அஞ்சலை வீடு. அஞ்சலை, பவுனம்மா கூடவே பக்கத்து நிரையில் மரம் வெட்டியவள், தங்கச்சி மாதிரி. பேச்சை மாற்றலாம் என்று, “அஞ்சலை மவளுக்குக் கல்யாணமா? நலங்குக்கு நீங்கதானே முதல் கை?” என்று கேட்டேன்.

வாசலிலிருந்து சின்னையா பேசினார். அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

“சனிக்கெழம தட்டு வந்திச்சு மிஸ்ஸி. அஞ்சலையும் அவ புருஷனும் வெத்தலபாக்கு வெச்சு வூடு வூடா அழைச்சாங்க. இவ காலைலயே மொகங்கழுவி, குங்குமம் வெச்சு, பொடவ மாத்தி, கதவாண்டயே குந்திட்டா. தட்டு பக்கத்து வூட்டுக்கு வந்திச்சு. அப்புறம் அந்தாண்ட வூட்டுக்குப் போச்சு. எங்க கதவத் தாண்டிப் போயிருச்சு.”

பவுனம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “சாவு வுழுந்த வூட்டுக்குத்தான் தட்டு வராது. எனக்கு வரலன்னா என்னா அர்த்தம் மிஸ்ஸி? நான் செத்துட்டேன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்கு.”

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக எதிர்வரிசைக்கு நடந்தேன். அஞ்சலை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா அக்கா? வருசக்கணக்கா கூட வேலை செஞ்ச மனுஷி. நோவு வந்திருச்சுன்னு ஒதுக்கி வைக்கிறீங்களே! நாளைக்கு உங்களுக்கு வராதா?”

அஞ்சலை முறத்தைக் கீழே போட்டாள். அரிசி சிதறியது.

“யாரு ஒதுக்குனா? நானா? வூடு வூடா வந்து சொன்னது யாரு மிஸ்ஸி? பவுனக்கா வாசல்ல வெத்தல தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? வெத்தல இல்லாம எப்புடி கல்யாணத்துக்குக் கூப்புடுறது? வெறுங்கையோட போய் நின்னா அது அழைப்பா, அவமானமா? அதுவும் எங்க அக்காவ!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு வாட்டி தட்டத் தூக்கிட்டு அவங்க வாசல் வரைக்கும் போனேன். ரெண்டு வாட்டியும் உங்க பேச்சு ஞாபகம் வந்து திரும்பிட்டேன். எங்க அக்கா குங்குமம் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததப் பாத்துட்டுத்தான் திரும்புனேன். எனக்கு மட்டும் நெஞ்சு வலிக்காதா?”

அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்த லயத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது என்றாலே வெற்றிலைதான். வேலை விட்டு வந்து, குளித்து, இன்னொரு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தால் முதலில் பெட்டி நகர்ந்து வரும். அப்புறம்தான் பேச்சு. வெற்றிலையை நீட்ட முடியாத வீட்டில் வந்தவர்களை எப்படி உட்காரச் சொல்வது? உட்காரச் சொல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? போதாததற்கு, அந்த வீட்டில் வாங்கிப் போடக் கூடாது என்று நான் சொன்னதில், இது தொத்துகிற நோய் போலிருக்கிறது என்று பாதிப் பேர் எண்ணிக்கொண்டார்கள். பவுனம்மா வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் காலடி வைத்தவர் யாருமில்லை. சின்னையாவும் வாசலில் ஈர்க்கு சீவிக்கொண்டு கிடக்கிறார்.

வெற்றிலையை வாயில் போடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மனிதர்களையே அந்த வீட்டுக்கு வரவிடாமல் செய்துவிட்டேன். நான் கிறிஸ்துவப் பெண், டவுனில் வளர்ந்தவள், எனக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எத்தனையோ வாசலில் எனக்கே பெட்டியை நகர்த்தியிருக்கிறார்கள், நான் வேண்டாம் என்று சிரித்திருக்கிறேன். பார்த்தது பத்தாயிரம் முறை, புரிந்தது ஒருமுறைகூட இல்லை.

“அக்கா, தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க” என்றேன். அதற்குள் பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்து, ஜனம் கூடிவிட்டது.

“மன்னிக்கிறது இருக்கட்டும். அக்கா கரண்ட்டுக்குப் போகுமா?” என்றாள் அஞ்சலை.

“நீங்க தட்டு வெச்சா போகும்னு நெனக்கிறேன்.”

“வெத்தலயப் பாத்தா வாயில போட்டுருச்சுன்னா?”

அன்று சாயங்காலம்வரை மறுபடி இருபது கதவுக்கும் போனேன். முதல் தடவை போனதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. வியாதி தொத்தாது, அவங்க வீட்டுக்குப் போகலாம், உட்காரலாம், காப்பி குடிக்கலாம், வெத்தல வாயில போடுறதுதான் கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒரு கிழவர், “அன்னிக்கு ஒன்னு சொன்ன, இன்னிக்கு ஒன்னு சொல்ற. நாளைக்கு என்னா சொல்லுவ மிஸ்ஸி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பவுனம்மா வீட்டு வாசலில், எல்லாரும் பார்க்க, சின்னையா போட்ட காப்பியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். சொட்டு விடாமல் குடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி டிரஸரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலை போனாலும் போகட்டும் என்ற நிலையில் இருந்தேன். அவர் காதில் வாங்கிக்கொண்டே கொதித்த ஊசிகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

“வெத்திலை போட்ட வாய். கையிலை வெத்திலையைக் குடுத்துப்போட்டு, போடாதையும் எண்டால் நடக்குமோ? போட்டாவெண்டால் புண் இன்னும் பெலக்கும்.”

“போடாம விட்டா ஐயா?”

“போடாமல் விடுவா எண்டு உமக்கு என்ன நிச்சயம்?”

“நிச்சயம் இல்ல ஐயா.”

ஊசித் தட்டை மூடினார். “நீர் சொல்லேக்கை நானும் தலையாட்டினனான்தானே” என்றார் மெதுவாக. “எட்டு மணிக்கு வண்டியோடை நானும் வாறன்.”

அன்றிரவு நான் கண்ணை மூடவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, செபத்துக்குப் பதிலாக நாளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடிந்து, மற்றவர்கள் பால் வெட்டுக்குப் போய்விட்டார்கள். அஞ்சலையும் அவள் புருஷனும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கியிருந்தார்கள். வண்டி லயத்து முனையில் நின்றது. டிரஸர் இறங்கி, கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி ஒரு மரத்தடியில் நின்றார். கிட்டே வரவில்லை.

அஞ்சலை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ. வாசலில் நின்று, “அக்கா, அத்தான், என் மவளுக்குக் கல்யாணம். நீங்க ரெண்டு பேரும் வந்து நடத்திக் குடுக்கணும். நீ வந்து கை வெச்சாத்தான் நலங்கு. லேட்டா வந்துட்டேன், அடிக்கிறதுன்னா அடிச்சுரு” என்றாள்.

பவுனம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். அஞ்சலையை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடியில் வைத்தார். மேலே இருந்த வெற்றிலையை எடுத்தார். அந்த விரல்கள் தாமாகவே வேலை செய்தன. காம்பைக் கிள்ளின, முதுகைத் துடைத்தன, நடு நரம்பை உரித்தன. நாற்பது வருடப் பழக்கம். அடுத்தது சுண்ணாம்பு, அதற்கடுத்தது வாய். ‘வேண்டாம் பெரியம்மா’ என்று கத்த வாயெடுத்தேன்.

வெற்றிலையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக முகர்ந்தார். பிறகு அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“எல்லாரும் என் வாயவே பாக்குறீங்களே, நான் என்னா சர்க்கஸா காட்டுறேன்?”

அஞ்சலை சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியில் ஏறும்போது பவுனம்மா டிரஸரிடம் நேராகச் சொன்னார். “ஐயா, நலங்கு ஞாயித்துக்கெழம. அன்னிக்குக் கரண்ட்டு இல்ல. என்னக் கொண்டாந்து வுடணும். வுடலன்னா நடந்தே வருவேன், சொல்லிட்டேன்.”

“விடுவம்” என்றார் டிரஸர். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை அனுப்பியும் வைத்தார். ஊதாக் கோடுகளை முந்தானையால் மூடிக்கொண்டு, பவுனம்மா பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசியதை நான் பார்த்தேன். ஆறு வாரமும் முடித்து வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெட்டியில் வெற்றிலைக்குப் பதில் கற்கண்டும் ஏலக்காயும் இருந்தன. வந்தவர்களுக்கு அதை நகர்த்துவார். ஜனம் வந்தது.

ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். அதற்குள் எனக்கு ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வார்டு வாசலில் சின்னையா நிற்கிறார் என்று சொன்னார்கள். பதறி ஓடினேன். கையில் துணியில் சுற்றிய ஒரு தட்டு. பஸ் ஏறி அவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறார். துணியை விலக்கினார். வெற்றிலை, பாக்கு, கற்கண்டு.

“என்ன விசேஷம் பெரியப்பா?”

“விசேஷம் அவதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கழுத்துல திரும்ப வந்திருச்சு மிஸ்ஸி. இனிமே கரண்ட்டு வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவதான் தட்டு வெச்சு ஒங்களக் கூப்புட்டு வரச் சொன்னா.”

எனக்குச் சொரேர் என்றது. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டது காதில் விழுந்தாலே போக வேண்டும் என்பார்கள். சாவுக்கு யாராவது வெற்றிலை வைத்து அழைப்பார்களா?

“சாவுக்கா கூப்புடுறாங்க?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இல்ல இல்ல. சாவுக்குக் கூப்புடாமயே எல்லாரும் வருவாங்களாம். அப்ப வந்து அவளுக்கு என்னா பிரயோசனம்னு கேக்குறா. அதுக்கு முன்னாடி வரணுமாம். லயத்துல எல்லா வூட்டுக்கும் தட்டு வெச்சாச்சு. ஆளாளுக்கு ஒரு நாளு. ஒங்க மொற சனிக்கெழம.”

தட்டை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்த நான்கு நாள் இருக்கிறதே! மேட்ரனிடம் சனிக்கிழமை விடுப்புக் கேட்டேன். உறவா என்று கேட்டார். தட்டு வைத்து அழைத்திருக்கிறார்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். வார்டில் தொலைபேசி மணி அடித்தால் போதும், முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று ஓடிப்போய் எடுப்பேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். பீடோரில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செம்மண் சடக்கில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன். லயத்து முனையில் நின்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஒப்பாரிச் சத்தம் இல்லை.

வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பவுனம்மாவின் தலைமாட்டில், குட்டை முக்காலியில் அஞ்சலை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய முறையாம். நான் வந்து சேரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அக்கா கையைக் காட்டிவிட்டது என்றாள். பவுனம்மாவால் பேச முடியவில்லை. உடம்பில் பாதி காணோம். கழுத்துக் கட்டு சுத்தமாக இருந்தது. காயத்துக்கு யார் பக்குவம் பார்த்தது என்று கேட்டேன். டிரஸர் ஐயா நேற்று வந்து, முக்காலியில் உட்கார்ந்து கட்டிவிட்டுப் போனாராம்.

கண் என்னைத் தெரிந்துகொண்டது. பக்கத்தில் இருந்த பெட்டியை எனக்காக நகர்த்தும்படி அஞ்சலைக்குக் கையைக் காட்டினார். உள்ளே கற்கண்டோடு, எனக்கென்று ஒரு வெற்றிலையும் வைத்திருந்தார். நான் அதை எடுத்ததும் என் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கி, இரண்டு தடவை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நான் அந்த லயத்தில் இருபது கதவிலும் விரலை ஆட்டிக் காட்டியதை அப்படியே செய்து காட்டினார். வாயின் நல்ல பக்கம் சிரித்தது.

“போட மாட்டேன் பெரியம்மா. சத்தியமா போட மாட்டேன்” என்றேன்.

அந்த விரல் கீழே இறங்கி, முக்காலியைக் காட்டியது. அஞ்சலை விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். நான் உட்கார்ந்தேன். மணி பத்துகூட ஆகவில்லை. பொழுது சாயும்வரை என் முறை.